வார்டுக்கு ஒரு லைன் லிஸ்ட்

2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஊருக்குள் வந்தபோது நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். பிழைத்த மீனவக் குடும்பங்கள் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் தங்கவைக்கப்பட்டன. கிணறுகளில் உப்புநீர் புகுந்திருந்தது. கழிப்பறைகள் போதவில்லை. காலரா, வயிற்றுப்போக்கு, தட்டம்மை என்று நோயின் அலை ஒன்று பின்னாலேயே வரும் என்று உலகம் முழுக்க மருத்துவர்கள் அஞ்சினார்கள். அப்படிப் பெரிய கொள்ளைநோய் எதுவும் வரவில்லை. குளோரினும் தடுப்பூசியும் காப்பாற்றின என்று சொல்வது வழக்கம். அது சரிதான். கூடவே எண்ணிக்கையும் காப்பாற்றியது. இன்று எத்தனை பேருக்குக் காய்ச்சல், எத்தனை பேருக்குப் பேதி என்று சுகாதாரப் பணியாளர்கள் முகாம் முகாமாகக் கணக்கெடுத்தார்கள். கடலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் தட்டம்மை தலைகாட்டியபோது அது கண்ணில் பட்டதற்கு அந்தக் கணக்குதான் காரணம்.

தமிழ்நாட்டுக்கு இது பழகிய வேலை. 1939-லேயே பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் போட்ட மாகாணம் இது. ஒரு தெருவில் நாலு பேருக்கு டெங்கு என்றால் ஹெல்த் இன்ஸ்பெக்டர் நோட்டுடன் வந்துவிடுவார். பெயர், வயது, வீடு, காய்ச்சல் தொடங்கிய தேதி, தண்ணீர் எங்கே பிடித்தார்கள், எல்லாம் வரிசையாக எழுதுவார். துறையில் அதற்கு லைன் லிஸ்ட் என்று பெயர்.

அந்த நோட்டு மருத்துவமனை வாசலோடு நின்றுவிடுகிறது. தெருவில் நாலு பேருக்குக் காய்ச்சல் வந்தால் அரசுக்குத் தெரிகிறது. ஒரே ஐ.சி.யூ.வில் ஒரே வாரத்தில் நாலு பேருக்குப் புதிதாகக் காய்ச்சல் வந்தால் அது நாலு கேஸ் ஷீட்டில் நாலு தனித்தனி வரியாகக் கிடக்கிறது. ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் அது யாருக்கும் தெரியாமலே போகும்.

மருத்துவமனைத் தொற்று என்பது நோயாளி வரும்போது உடம்பில் இல்லாமல், சேர்ந்த பிறகு பிடித்துக்கொள்ளும் தொற்று. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வசதியான நாடுகளில் மருத்துவமனையில் சேரும் 100 பேரில் 7 பேருக்கும் ஏழை, நடுத்தர நாடுகளில் 15 பேருக்கும் குறைந்தது ஒரு தொற்றாவது இப்படி வருகிறது. இதில் கணிசமான பங்கைத் தடுக்க முடியும். எங்கே, எந்தக் கருவி வழியாக, எந்தக் கிருமியால் வருகிறது என்று தெரிந்தால்தான் தடுக்க முடியும்.

தெரியாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே அண்மைக்கால உதாரணம் ஒன்று இருக்கிறது. அதன் கிருமி டெல்டா விவசாயிக்கு அந்நியமானது அல்ல.

பர்க்கோல்டேரியா சூடோமல்லை என்ற பாக்டீரியா சேற்றிலும் நீரிலும் வாழ்கிறது. வெப்பமண்டலத்து நெல்வயல்கள் அதற்கு ஏற்ற இடம். காலில் வெட்டுக்காயத்தோடு சேற்றில் இறங்குபவருக்கு, அதுவும் சர்க்கரை நோய் இருந்தால், மழைக்காலத்தில் மெலியாய்டோசிஸ் என்ற நோயை அது தரும். 1911-12 வாக்கில் ரங்கூன் பொது மருத்துவமனையில் இந்த நோயை முதன்முதலில் விவரித்தவர்கள் ஆல்ஃபிரட் விட்மோர் என்ற ஆங்கிலேய மருத்துவரும் அவரோடு பணிபுரிந்த சி.எஸ். கிருஷ்ணசாமியும். அவர்கள் பார்த்த பிணங்கள் பெரும்பாலும் ரங்கூன் தெருக்களில் மார்ஃபின் ஊசி போட்டுத் திரிந்தவர்களுடையவை. அதனால் ஊசி வழியாகத்தான் நோய் ஏறியதோ என்ற சந்தேகம் அப்போதே எழுந்தது.

நூறாண்டுக்கு மேல் கழித்து, 2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரை, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் 21 பேருக்கு மெலியாய்டோசிஸ் மூளையைத் தாக்கியது. காய்ச்சல், தலைவலி, முகம் ஒருபக்கம் கோணுவது, பேச்சுக் குழறுவது. அபூர்வமான நோய், அதிலும் மூளையைத் தாக்குவது மிக அபூர்வம். வேலூர் சி.எம்.சி., ஐ.சி.எம்.ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை ஆகியவை சேர்ந்து ஆராய்ந்தபோது, 21 பேரில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்கள் என்று தெரிந்தது. அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேர் இறந்துவிட்டார்கள். மற்றப் பதினொரு பேரில் இறந்தவர் ஒருவர்.

எப்படி நடந்தது? பல் வேலையின்போது வாயைக் கழுவ சலைன் ஊற்றுவார்கள். அந்த சலைன் பாட்டிலை, ஈறை விலக்கப் பயன்படும் ஓர் அறுவைக் கருவியால் குத்தித் திறந்திருக்கிறார்கள். மிச்சத்தைப் பஞ்சால் அடைத்து வைத்து அடுத்த நோயாளிக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். பயன்பாட்டில் இருந்த பாட்டிலில் அந்தக் கிருமியின் தடயம் கிடைத்தது. ஆய்வு 2025-இல் லான்செட் குழுமத்தின் தென்கிழக்காசிய இதழில் வெளியானது. ஒரு பாட்டிலின் விலை சில பத்து ரூபாய்.

பத்துப் பேரும் பத்து வீட்டிலிருந்து, வெவ்வேறு நாளில், வெவ்வேறு மருத்துவமனைப் படிகளில் ஏறியிருக்கக்கூடியவர்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவரும் ஒரு புரியாத மூளைக்காய்ச்சல். பக்கத்தில் பக்கத்தில் எழுதி, கடைசியாக எங்கே சிகிச்சை எடுத்தீர்கள் என்ற ஒரு கட்டத்தைச் சேர்த்தால்தான் கிளினிக் வெளியே வரும். கண்காணிப்பு என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் வேலை இவ்வளவுதான்: பக்கத்தில் பக்கத்தில் எழுதுவது. எளிதாகத் தோன்றும் இந்த வேலையை ஒழுங்காகச் செய்வது கடினம்.

முதல் சிக்கல், எது மருத்துவமனையில் வந்தது, எது வெளியிலிருந்து வந்தது என்று பிரிப்பது. நாகை மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ச்சலோடு வருபவருக்கு எலிக்காய்ச்சல் இருக்கலாம், உண்ணிக்காய்ச்சல் இருக்கலாம், வயலிலிருந்து ஏறிய மெலியாய்டோசிஸும் இருக்கலாம். அறுவடைக் காலத்தில் நெற்கதிர் கண்ணில் குத்திப் பூஞ்சைப் புண்ணோடு வருபவர் உண்டு. இவையெல்லாம் மருத்துவமனையின் கணக்கில் ஏறக் கூடாது. அதனால் உலகம் முழுக்க ஒரு விதி வைத்திருக்கிறார்கள். சேர்ந்த நாள் முதல் நாள். மூன்றாம் நாள் அல்லது அதற்குப் பிறகு தொற்று தொடங்கினால் அது மருத்துவமனையுடையது. அறுவைச் சிகிச்சைக் காயமென்றால் 30 நாள் வரை, செயற்கை மூட்டு போன்ற பொருள் உள்ளே வைத்திருந்தால் 90 நாள் வரை பொறுப்பு.

டெல்டாவில் இதோடு இன்னொரு முடிச்சும் சேரும். வேதாரண்யத்தில் சேர்ந்தவர் நாகைக்கு அனுப்பப்படுகிறார், நாகையிலிருந்து 108-இல் தஞ்சாவூருக்குப் போகிறார். தஞ்சையில் காய்ச்சல் அடித்தால் அது யாருடைய தொற்று? மாற்றிய அன்றோ மறுநாளோ தொற்று தெரிந்தால் அது அனுப்பிய இடத்துக்கே சேரும் என்பது விதி. ஆனால் தஞ்சாவூரில் தெரிந்ததை நாகைக்குத் திரும்பிச் சொல்ல ஒரு போன் அழைப்பு வேண்டும். அந்த அழைப்பு வழக்கமாகாத இடத்தில், அனுப்பிய வார்டு தன்னிடம் தொற்றே இல்லை என்று நிம்மதியாக இருக்கும்.

இரண்டாவது சிக்கல் வகுத்தல் கணக்கு. டெல்டாவில் யாரிடமாவது இருபது மூட்டை கண்டது என்று சொன்னால், எத்தனை மாவில் என்றுதான் அடுத்த கேள்வி வரும். தொற்றும் அப்படித்தான். ஒரு ஐ.சி.யூ.வில் மாதம் நான்கு ரத்தத் தொற்று, இன்னொன்றில் இரண்டு என்றால், முதலாவதுதான் மோசம் என்று தோன்றும். முதலாவதில் அந்த மாதம் நோயாளிகளுக்குச் சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்க்குள் விடும் குழாய்) போட்டிருந்த நாள்களின் கூட்டுத்தொகை 800, இரண்டாவதில் 160 என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் லைன் நாள்களுக்கு முதலாவதில் 5, இரண்டாவதில் 12.5. கவலைப்பட வேண்டியது இரண்டாவதைப் பற்றி.

மேலே இருக்கும் தொகுதியைக் கண்டுபிடிக்க ஆய்வகம் உதவும். கீழே இருக்கும் பகுதிக்கு நடக்கிற கால்கள்தான் வேண்டும். தினமும் ஒரே நேரத்தில், ஞாயிறு, பொங்கல், தீபாவளி என்று பார்க்காமல், ஒருவர் கட்டில் கட்டிலாகப் போக வேண்டும். ஒன்றாம் கட்டில்: யூரின் டியூப் உண்டு, சென்ட்ரல் லைன் இல்லை, வென்டிலேட்டர் இல்லை. இரண்டாம் கட்டில்: மூன்றும் உண்டு. ஒருவருக்கு இரண்டு சென்ட்ரல் லைன் இருந்தாலும் அன்றைக்கு ஒரு லைன் நாள்தான். மாதக் கடைசியில் கேஸ் ஷீட்டைப் புரட்டி நிரப்பினால் அது கணக்காகாது, ஏனென்றால் டியூப் போட்டது எழுதப்பட்டிருக்கும், எடுத்தது பாதி நேரம் எழுதப்பட்டிருக்காது.

இந்த நடைக்கு வேறொரு பலனும் உண்டு. கட்டிலருகே நிற்பவர் டியூபை எண்ணும்போதே இது இன்னும் எதற்கு என்று கேட்கலாம். யூரின் டியூப் எத்தனை நாள் உள்ளே இருக்கிறதோ அத்தனைக்குத் தொற்றின் வாய்ப்பு ஏறுகிறது. நோயாளி எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறார், டியூப் மட்டும் நாலாவது நாளாக இருக்கிறது. யாரும் எடுக்கச் சொல்லவில்லை என்பதுதான் காரணம். பையையும் பார்க்கலாம். அது இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையைத் தொடக் கூடாது. ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது கூட வந்த உறவினர் உதவியாகப் பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேல் வைப்பார். பையில் கிடந்த சிறுநீர் குழாய் வழியே திரும்பி உள்ளே ஓடும். ஒரு நிமிட வேலை, ஒரு வாரக் காய்ச்சல்.

மூன்றாவது சிக்கல் ஆய்வகம். கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, அனுப்பாத வார்டில் தொற்று விகிதம் எப்போதும் சைபர். காய்ச்சல் வந்ததும் ஆன்டிபயாடிக்கை மாற்றிவிட்டு, மறுநாள் யோசித்து ரத்தம் எடுத்தால் கிருமி வளராது. கணக்கிலும் ஏறாது. பெரியவர்களுக்கு மருந்து தொடங்கும் முன் இரண்டு இடத்திலிருந்து, பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. ரத்தம் எடுக்க வேண்டும். தோலைத் துடைத்த மருந்து காயும்வரை காத்திருக்க வேண்டும். அவசரத்தில் அந்த அரை நிமிடம் போனால் தோலில் வாழும் சாதாரண ஸ்டெஃபைலோகாக்கஸ் பாட்டிலுக்குள் போய் வளரும். அது ஒரு பாட்டிலில் மட்டும் வந்தால் தொற்றாகக் கொள்வதில்லை. வெவ்வேறு சமயத்தில் எடுத்த இரண்டிலும் வந்து, நோயாளிக்குக் காய்ச்சலும் இருந்தால்தான் கணக்கு.

இப்படி விதிப்படி எண்ணுவது சில மருத்துவர்களுக்குப் பிடிப்பதில்லை. என் நோயாளிக்கு நிமோனியா இல்லை, அது நுரையீரலில் நீர்க்கோப்பு என்று ஒருவர் சொல்வார். அவர் சொல்வது சிகிச்சைக்குச் சரியாக இருக்கலாம். கண்காணிப்பின் வரையறை சிகிச்சைக்காக எழுதப்பட்டதல்ல. நாகையில் ஒருவர் எண்ணுவதும் டெல்லியில் இன்னொருவர் எண்ணுவதும் ஒரே அளவுகோலில் இருக்க வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது. ஆளுக்கு ஆள், டாக்டருக்கு டாக்டர் வளைந்துகொடுத்தால் ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது. இந்த இடத்தில் கண்டிப்பாக இருப்பதே நல்லது.

எண்ணுபவர் யார்? 1959-இல் இங்கிலாந்தின் டார்பே மருத்துவமனையில் ஸ்டெஃபைலோகாக்கஸ் தொல்லை அதிகமானபோது, இ.எம். காட்ரெல் என்ற செவிலியரைத் தொற்றுக்கென்றே முழுநேரமும் நியமித்தார்கள். உலகின் முதல் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர் என்று அவரைச் சொல்கிறார்கள். மருத்துவர்கள் சிலருக்கு அப்போது அது பிடிக்கவில்லை. ஒரு நர்ஸ் தங்கள் வார்டில் நோட்டோடு சுற்றுவதா என்று. பிறகு அமெரிக்காவின் சி.டி.சி. 1970-களில் 338 மருத்துவமனைகளை எடுத்து, செனிக் என்ற பெரிய ஆய்வு நடத்தியது. 1985-இல் முடிவு வந்தது. நல்ல கண்காணிப்பும் தடுப்பும், 250 படுக்கைக்கு ஒரு தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியரும், பயிற்சி பெற்ற மருத்துவரும், அறுவைக் காயத் தொற்று விகிதத்தை அறுவை மருத்துவருக்கே திருப்பிச் சொல்லும் வழக்கமும் இருந்த இடங்களில் தொற்று 32 சதவீதம் குறைந்தது. இவை இல்லாத இடங்களில் அதே காலத்தில் 18 சதவீதம் கூடியது.

திருப்பிச் சொல்வது என்ற ஒரு வரியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். எண்ணிக்கை அறிக்கையாகி மேலே போனால் மட்டும் தொற்று குறையாது. அந்த மாதம் உங்கள் கையால் நடந்த அறுவைகளில் இத்தனை காயம் சீழ் பிடித்தது என்று உரியவரிடம், தனியாக, குரலை உயர்த்தாமல் சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாக மாதாந்திரக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டால், அடுத்த மாதம் தொற்று குறைந்துவிடும், பதிவேட்டில் மட்டும். கல்ச்சர் அனுப்புவது நின்றுபோகும். வருடம் முழுக்கச் சைபர் எழுதியிருக்கும் பதிவேட்டைப் பார்த்தால் பாராட்டுவதைவிட, எத்தனை கல்ச்சர் அனுப்பினீர்கள் என்று கேட்பதே மேல்.

இந்தியாவில் இந்தக் கணக்கு தாமதமாகத்தான் தொடங்கியது. 2010 ஆகஸ்டில் லான்செட்டின் தொற்றுநோய் இதழில் ஒரு கட்டுரை வந்தது. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. கார்பபெனெம் என்ற கடைசிக்கட்ட ஆன்டிபயாடிக்குகளையும் சிதைத்துவிடும் என்.டி.எம்.-1 நொதியைச் சுமந்த பாக்டீரியாக்கள் சென்னையிலிருந்து 44, ஹரியானாவிலிருந்து 26, பிரிட்டனிலிருந்து 37 என்று அதில் பட்டியலிடப்பட்டிருந்தன. அந்த நொதியின் பெயரில் புதுடெல்லி இருந்ததால் பெரிய சர்ச்சை வெடித்தது. பெயரைப் பற்றிப் பேசிய நேரத்தில் கிருமியைப் பற்றிப் பேசியது குறைவு. 2012-இல் சென்னையில் மருத்துவச் சங்கங்கள் கூடிச் சென்னைப் பிரகடனம் என்ற செயல்திட்டத்தைக் கொண்டுவந்தன. அதற்கடுத்த ஆண்டு ஐ.சி.எம்.ஆர். மருந்தெதிர்ப்புக் கண்காணிப்பு வலையமைப்பைத் தொடங்கியது. வேலூர் சி.எம்.சி.யும் புதுச்சேரி ஜிப்மரும் அதில் முக்கிய மையங்கள்.

மருத்துவமனைத் தொற்றுக்கென்றே தேசிய அளவில் ஒரே வரையறையோடு எண்ணியது டெல்லி எய்ம்ஸ், ஐ.சி.எம்.ஆர்., சி.டி.சி. மூன்றும் சேர்ந்து அமைத்த வலையமைப்பு. 2017 மே முதல் 2018 அக்டோபர் வரை 26 மருத்துவமனைகளின் 89 ஐ.சி.யூ.க்களில் எண்ணியதில் 2,622 ரத்தத் தொற்றுகளும் 737 சிறுநீர்த் தொற்றுகளும் பதிவாயின. ரத்தத் தொற்றில் முதலிடம் க்ளெப்சியெல்லா இனத்துக்கு, ஏறக்குறைய கால் பங்கு. அதில் 72 சதவீதம் கார்பபெனெமுக்கு மசியவில்லை. ரத்தத் தொற்று வந்தவர்களில் 38 சதவீதம் பேர் பதினான்கு நாள்களுக்குள் இறந்தார்கள். பச்சிளங்குழந்தை ஐ.சி.யூ.க்களில்தான் விகிதம் மிக அதிகம்.

அந்தப் புள்ளிவிவரம் பெரிய மருத்துவமனைகளிலிருந்து வந்தது. மாவட்டங்களில் நிலைமை என்னவென்று அதை வைத்துச் சொல்ல முடியாது. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் நாகப்பட்டினமும் ஒன்று, ஒரத்தூரில் இருக்கிறது. மருத்துவக் கல்லூரி என்றால் நுண்ணுயிரியல் துறை கட்டாயம் உண்டு. திருவாரூரில் 2010 முதல் ஒரு கல்லூரி, தஞ்சாவூரில் அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முந்தைய கல்லூரி. கல்ச்சர் வளர்க்கத் தெரிந்தவர்கள் இன்று டெல்டா முழுக்க இருக்கிறார்கள். மூன்று கல்லூரியும் ஒரே வரையறையில் எண்ணி, நோயாளியை மாற்றும்போது தகவலையும் மாற்றிக்கொண்டால், காவிரியின் கடைமடைக்கென்று சொந்தமாக ஒரு தொற்று வரைபடம் கிடைக்கும். அதற்குப் புதுக் கட்டடம் எதுவும் தேவையில்லை.

இந்தப் பகுதிக்கென்று சில தனிக் கவனங்களும் வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் துணி காய்வதில்லை. நிலத்தடி நீர் கடலோரத்தில் உப்பும் கடினமும் கொண்டது. கருவிகளை நீராவியில் வேகவைக்கும் ஆட்டோகிளேவில் அந்த நீர் போனால் உள்ளே உப்புப் படியும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 121 டிகிரி வெப்பத்தில் பதினைந்து நிமிடமாவது நிற்க வேண்டிய ஆட்டோகிளேவ், நடுவில் கரண்ட் போய் வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பொட்டலத்தின் மேல் ஒட்டும் டேப் கறுத்திருப்பது சூடு பட்டது என்பதை மட்டும்தான் சொல்லும், கிருமி செத்தது என்பதைச் சொல்லாது. அதற்கு வெப்பத்தைத் தாங்கும் ஒரு பாக்டீரியாவின் விதைத்துகளை உள்ளே வைத்து, பிறகு அது வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்த நாளில் எந்த ஆட்டோகிளேவ் எந்தப் பொட்டலத்தை வேகவைத்தது என்ற பதிவு இருந்தால்தான், பத்து நாள் கழித்துக் காயங்கள் சீழ் பிடிக்கும்போது பின்னோக்கிப் போக முடியும்.

கை கழுவுவதையும் எண்ணுகிறார்கள். ஒருவர் ஓரமாக நின்று பார்த்துக் குறித்தால், பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்ததும் எல்லோர் கையும் சுத்தமாகிவிடும். சத்தமில்லாத வழி ஒன்று இருக்கிறது. வார்டில் கைத்தேய்ப்பு மருந்து மாதம் எத்தனை லிட்டர் தீர்ந்தது என்று பார்ப்பது. ஆயிரம் நோயாளி நாள்களுக்கு 20 லிட்டராவது செலவாக வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு. ஸ்டோர் ரூம் இன்டென்ட் புத்தகத்தில் அந்த உண்மை ஏற்கெனவே எழுதியிருக்கிறது, வகுத்துப் பார்க்கத்தான் ஆள் வேண்டும்.

எண்ணியதைச் செயலாக்கினால் என்ன கிடைக்கும் என்பதை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் காட்டியது. பீட்டர் பிரனோவோஸ்ட் என்ற மருத்துவரின் குழு, நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யூ.க்களில் சென்ட்ரல் லைன் போடும்போது ஐந்து காரியங்களைக் கட்டாயமாக்கியது: கை கழுவுதல், நோயாளியை முழுக்க மூடிக்கொண்டு போடுதல், குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடைத்தல், முடிந்தவரை தொடையிடுக்கைத் தவிர்த்தல், தேவையற்ற லைனை எடுத்துவிடுதல். 2006-இல் முடிவு வந்தது. ஆயிரம் லைன் நாளுக்குச் சராசரி 7.7 ஆக இருந்த ரத்தத் தொற்று பதினெட்டு மாதத்துக்குள் 1.4 ஆனது. ஐந்தும் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்தவை. புதிதாக வந்தது செவிலியருக்குக் கொடுத்த அதிகாரம். ஒரு படி தவறினால் மருத்துவரை நிறுத்தச் சொல்லலாம்.

நம் ஊரில் அதுதான் எல்லாவற்றிலும் கடினம். "சார், ஒரு நிமிஷம், கிளவுஸ் பட்டுடுச்சு, மாத்திடலாம்" என்று ஒரு ஸ்டாஃப் நர்ஸ் சீனியர் டாக்டரிடம் சொல்வதற்கு, டீன் முன்கூட்டியே எல்லோர் முன்னாலும், சிஸ்டர் சொன்னால் நிறுத்தணும் என்று சொல்லியிருக்க வேண்டும். எழுத்தில் உத்தரவு வந்தால் இன்னும் நல்லது. மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஜனவரியில் வெளியிட்ட தேசியத் தொற்றுத் தடுப்பு வழிகாட்டி நெறிகளில் குழுவும் செவிலியரும் கண்காணிப்பும் எல்லாமே எழுதியிருக்கின்றன. 2015-இல் வந்த காயகல்ப் விருதால் அரசு மருத்துவமனைகளில் சுத்தம் கூடியிருக்கிறது, அதில் சந்தேகமில்லை. தரை பளிச்சென்று இருப்பதோடு அந்தத் தரைக்கு மேலே படுத்திருப்பவரின் தொற்று விகிதமும் தெரிய வேண்டும். தொற்றுக்கென்று பொறுப்புக் கொடுத்த செவிலியரையே ஆள் பற்றாக்குறை என்று இரவு டியூட்டிக்கும் லேபர் வார்டுக்கும் இழுத்தால் எந்த வழிகாட்டியும் நடக்காது. அவரை அந்த வேலையிலேயே விட்டுவைப்பதுதான் இதில் செலவு குறைந்த, பலன் மிகுந்த முடிவு.

கடைசியாக, மருத்துவமனைக் கதவைத் தாண்டிப் போகும் தொற்று. தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. தையல் சீழ் பிடிப்பது பெரும்பாலும் ஆறாம் நாள், எட்டாம் நாள், பத்தாம் நாளில். அப்போது அந்தப் பெண் அம்மா வீட்டில், திருமருகலிலோ கீழ்வேளூரிலோ இருப்பாள். பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டுச் சரியாகிவிட்டால், அறுவை நடந்த மருத்துவமனையைப் பொறுத்தவரை அப்படி ஒன்று நடக்கவே இல்லை. ஆனால் இங்கே ஒரு வசதி இருக்கிறது. பிரசவமான வீட்டுக்குக் கிராம சுகாதாரச் செவிலியர் வருகிறார், தாயின் பெயரும் எண்ணும் அவரிடம் இருக்கின்றன. தையல் எப்படி இருக்கிறது என்று அவர் பார்ப்பதை ஒரு வரியாக மருத்துவமனைக்கு அனுப்பினால் 30 நாள் கணக்கு முழுமையாகிவிடும். ஊரில் எண்ணும் பழக்கத்தை வார்டோடு இணைக்கும் பாலம் நர்சம்மாவின் அந்த ஒரு வரிதான்.

அதுவரை அந்த வரியைச் சொல்லவேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள். அறுவை முடிந்து வீடு திரும்பிய ஒரு மாதத்துக்குள் தையல் சிவந்தாலோ, நீர் கசிந்தாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிகிச்சையை எங்கே எடுத்தாலும் சரி, டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும் எண்ணுக்கு ஒரு போன் போட்டு, இந்தத் தேதியில் இந்த அறுவை செய்தோம், தையல் இப்படி ஆகியிருக்கிறது என்று சொல்லுங்கள். மருத்துவமனையில் இருக்கும்போதே, இந்த டியூப் இன்றைக்கும் வேண்டுமா சிஸ்டர் என்று தினமும் கேளுங்கள்.